பேரருவி விடைபெற்ற நான்காவது தடவை

கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் செருப்பைக் கண்டதும் மாட்டிக்கொண்டு போய்விடுவார். இன்னொருவர், செருப்பு காலடியிலேயே கிடந்தாலும், "எங்க விட்டேன்னு தெரியலையே" என்று உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி முனகிக்கொண்டே நிற்பார். யாராவது வந்து கையைப் பிடித்து, "அட, இருங்க, சாப்ட்டுட்டுப் போகலாம்" என்று சொல்லும்வரை அந்தச் செருப்பு கிடைக்கவே கிடைக்காது. நான் இரண்டாம் வகை. அந்த வகைக்கே நான்தான் தலைவர். (தலைவர் பதவியிலிருந்தும் இரண்டு முறை விலகியிருக்கிறேன்.)

எண்பதுகளின் தொடக்கத்தில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓர் உரக்கடையில் எனக்கு வேலை. யூரியா மூட்டைக்குப் பில் எழுதும்போது என் பெயர் தங்கராசு. கடையை விட்டு வெளியே வந்தால் 'பேரருவி'. கவிஞர். எங்கள் தெருக் குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் நூல் மாதிரித் தண்ணீர் வரும். அந்தத் தெருவில் இருந்துகொண்டு இப்படி ஒரு பெயரை வைத்துக்கொள்ள எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே திகைப்பாக இருக்கிறது.

அப்போது பெரம்பலூர், அரியலூர் இரண்டுமே திருச்சி ஜில்லா. இந்த இரண்டு ஊரையும் சுற்றி எங்களுக்கென்று ஒரு பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்றால் நிஜமாகவே பஸ்ஸில் ஓடியது. 'சோளக்கதிர்' என்று பெயர். கையெழுத்துப் பத்திரிகை. மொத்தம் ஒரே ஒரு பிரதிதான். ஒரு கெட்டி அட்டை நீள நோட்டு. உறுப்பினர்கள் எட்டுப் பேர். அவரவர் கதையோ கவிதையோ சமையல் குறிப்போ, அவரவர் கையாலேயே அதில் எழுத வேண்டும். மூன்று நாள் வைத்திருந்து படித்துவிட்டு, மஞ்சள் பையில் போட்டு, பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்ப வேண்டும். அட்டையின் உள்பக்கத்தில் சுற்றுப் பட்டியல் ஒட்டியிருக்கும்: அரியலூர், பெரம்பலூர், சிறுவாச்சூர், பூலாம்பாடி என்று வரிசையாகப் பெயர்கள். படித்தவர் தன் பெயருக்கு எதிரே டிக் போட வேண்டும். நோட்டு ஒரு சுற்று சுற்றிவர ஒரு மாதம் ஆகும்.

நோட்டின் கடைசி இருபது பக்கங்கள் 'கருத்துப் பக்கம்'. எங்கள் பேச்சில் அது வம்புப் பக்கம். ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் பதில் எழுதுவார். இன்றைக்கு நீங்கள் ஒன்றைக் கேட்டால் பதில் அடுத்த மாதம் வரும். இப்போது பிள்ளைகள் கைபேசியில் அரை நிமிடம் பதில் வராவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் முப்பது நாள் தூக்கி வைத்திருப்போம்.

ஆசிரியர் கோதண்டபாணி சார் அரியலூர் ரயிலடியில் பார்சல் குமாஸ்தா. ஒல்லியாக, காதில் பென்சிலோடு இருப்பார். எதற்கும் ஒரு சீட்டு, சீட்டுக்கு ஒரு நம்பர் என்று வாழ்பவர். எங்கள் சங்கத்துக்கு எட்டு விதிகள் எழுதி வைத்திருந்தார். அவருக்கு உறுப்பினரும் ஒன்றுதான், பார்சலும் ஒன்றுதான். வந்தால் பதிவார், போனால் பெயரை அடிப்பார்.

என் முதல் விடைபெறுதலுக்குக் காரணம் பூலாம்பாடி செல்லமுத்து. வெங்காயம் போடுகிற விவசாயி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கதை, கவிதை எதுவும் எழுதமாட்டார், கருத்து மட்டும்தான், அதுவும் ஒரு வரி. நான் 'வியர்வையே நீ வெல்க' என்று பதினோரு பக்கத்துக்கு ஒரு கவிதை எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அவர் எழுதினார்: 'தண்ணீர் கட்டப் போனபோது வரப்பில் உட்கார்ந்து இதைப் படித்தேன். தூங்கிவிட்டேன். மடை உடைந்துவிட்டது.'

எனக்கு ரத்தம் கொதித்தது. பேனாவை எடுத்தேன். (பச்சை மை. கவிஞன் நீல மையில் எழுதலாமா?) 'சோளக்கதிர்ச் சொந்தங்களே! எத்தனை பாய்ந்தும் நனையாத பாறைகளுக்கு நடுவே இந்த அருவிக்கு இனி என்ன வேலை? விடைபெறுகிறேன்!'

எழுதி அனுப்பிவிட்டு ஒரு மாதம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நோட்டு திரும்பி வந்தபோது வம்புப் பக்கம் நிரம்பி வழிந்தது. 'போகாதீர்கள்', 'அருவி இல்லாத சோளக்கதிரா?', 'மறுபரிசீலனை செய்யவும் - ஆசிரியர்'. செல்லமுத்துகூட, 'மடையைக் கட்டிவிட்டேன். திரும்பி வரவும்' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. யூரியா வாங்க வந்த ஒருவருக்குக்கூட வாசித்துக் காட்டினேன். அவர், "செரிங்க தம்பி, மூட்டயப் போடுங்க" என்றார்.

'அன்பு வெள்ளம் என்னைத் திருப்பி இழுத்துவந்துவிட்டது' என்று எழுதித் திரும்பினேன்.

அந்த ருசி விடுமா? மூன்று மாதம் கழித்து, என் கதைக்குப் பக்கத்தில் யாரோ பாகற்காயில் கசப்பு எடுப்பது எப்படி என்று எழுதிவிட்டார்கள் என்பதற்காக இரண்டாம் முறை விடைபெற்றேன். மறுபடி கெஞ்சினார்கள். கொஞ்சம் குறைவாக. மூன்றாம் முறை காரணமே சொல்லவில்லை. 'காரணத்தைச் சொல்லி யார் மனதையும் புண்படுத்த விரும்பவில்லை' என்று மட்டும் எழுதினேன். (காரணம் இருந்தால்தானே சொல்ல?) அதற்கு வந்த பதில்கள்: ஒருவர் 'வேண்டாமே' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே செல்லமுத்து 'மேற்படி' என்று எழுதியிருந்தார். சிறுவாச்சூர் வசந்தா, 'பையின் காது அறுந்திருக்கிறது. போவதானால் தைத்துவிட்டுப் போகவும்' என்று எழுதியிருந்தார்.

வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுவாச்சூர் கோயில் வாசலில் தன் அப்பாவோடு தேங்காய்க் கடை வைத்திருந்தவர். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும் மட்டும்தான் திறக்கும். மீதி நாளெல்லாம் வசந்தாவுக்குப் படிப்புதான் வேலை. படித்துவிட்டு இப்படி ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரி தேங்காய் உடைக்கிற மாதிரி இருக்கும்.

மூன்றாவது தடவை கிடைத்தது இரண்டே இரண்டு கெஞ்சல். என் மார்க்கெட் சரிகிறது என்று புரிந்தது. அப்போது தை மாதத்தில் ஆண்டுக் கூட்டம் வரவிருந்தது. அரியலூரில், எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிற கூட்டம். அதற்கு முன்னால் பெரிதாக ஒரு விடைபெறுதல் நடத்தினால், எல்லாரும் கையைப் பிடித்து இழுத்து, நடு நாற்காலியில் உட்கார வைப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

நான்காவது கடிதம் மூன்று பக்கம். பச்சை மை. உண்மையாக இருக்கட்டும் என்று, எழுதிய பிறகு சொம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தெளித்தேன். (ஒரு சொட்டு பெரிதாக விழுந்து 'கண்ணீர்' என்ற சொல்லே காணாமல் போய்விட்டது.) கடைசியில், எடுப்பாக இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தேன்: 'இம்முறை யாரும் தடுக்க வேண்டாம். சுற்றுப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடவும்.'

என் வாழ்க்கையிலேயே யாரும் வெட்டாமல் அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரே வரி அதுதான்.

ஒரு மாதம் ஆனது. நோட்டு வரவில்லை. பஸ் தாமதம் என்று நினைத்தேன். இன்னும் நாலு நாள். வரவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கடை வாசலில் நின்றிருந்தேன். அரியலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் முருகேசன் அண்ணன் இறங்கினார். அவர் கையில் மஞ்சள் பை. அவர் என்னைப் பார்த்தார். சிரித்தார். நேராக நடந்துபோய், சிறுவாச்சூர் போகிற பஸ்ஸில் ஏறி, டிரைவர் பக்கத்தில் பையை வைத்துவிட்டு இறங்கினார்.

ஓடினேன்.

"அண்ணே! பைய மாத்தி வச்சிட்டீங்க. எனக்குத்தான் மொதல்ல."

"இல்லப்பா. ஒனக்கு இல்ல."

"எனக்கு இல்லாம?"

"அரியலூரு சார் சீட்டு எழுதிக் குடுத்துருக்காரு. பெரம்பலூர் பேர அடிச்சாச்சு, பை நேரா சிறுவாச்சூர்னு. இனிமே ஒன்ன வுட்டுட்டுத்தான் போவும். ஒனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய கடிதத்துக்கு எல்லாரும் என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்பது அந்த நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு உறுப்பினர்களுக்கு மட்டும்தான் வரும். நான் உறுப்பினர் இல்லை. ஆக, நான் போனதற்கு யார் அழுதார்கள் என்பது, என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணே, ஒரே ஒரு நிமிசம். கடேசிப் பக்கத்த மட்டும் பாத்துட்டுத் தந்துடுறேன்."

"ஏம்ப்பா, நீதான போறேன்னு எழுதுன? போனவன் எதுக்குத் திரும்பிப் பாக்குற?"

பஸ் கிளம்பியது. முன் கண்ணாடி வழியாக மஞ்சள் பை தெரிந்தது. காது தைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கார்டு போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் மூன்று பக்கம் எழுதி, சொம்புத் தண்ணீர் தெளித்து, 'யாரும் தடுக்க வேண்டாம்' என்றவன் எந்த முகத்தோடு கேட்பான்? நான் கேட்காமல் அவர்களே கூப்பிட வேண்டும். அதற்கு, அவர்கள் என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் தெரிய வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை கடைக்கு லீவு போட்டுவிட்டு சிறுவாச்சூர் போனேன். அம்மாவிடம் சாமி கும்பிட என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோயில் வாசலில் கூட்டம் நெரிந்தது. வசந்தா தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின வருஷக் கூட்டத்தில் பார்த்த முகம்தான்.

"யாரு? போனவரா?" என்றார்.

"சும்மா சாமி கும்பிட வந்தேன்."

"தேங்கா எத்தனைங்க?"

"ஒண்ணு. இல்ல, ரெண்டு." குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "பை வந்துச்சுங்களா?"

"வந்துருக்கே. ஒறியில தொங்குது பாருங்க."

பார்த்தேன். கடைக்குள்ளே, கையெட்டும் தூரத்தில், உறியில் மஞ்சள் பை.

"நான் போனதப் பத்தி யாராச்சும் எதாச்சும் எழுதிருக்காங்களா? சும்மா கேட்டேன்."

"எழுதிருக்காங்க. நெறைய."

"என்ன எழுதிருக்காங்க?"

"அது உறுப்பினருக்கு மட்டுந்தாங்க காட்டணும். ஆறாவது விதி. நீங்கதான வாசிச்சிக் காட்டுனீங்க போன வருசக் கூட்டத்துல?"

வாசித்தது நான்தான். கம்பீரமாக வாசித்தேன்.

"நல்லதா எழுதிருக்காங்களா, கெட்டதா? அது மட்டும் சொல்லுங்களேன்."

"கூட்டம் நிக்கிது. வேற தேங்கா வேணுங்களா?"

"இன்னும் ரெண்டு குடுங்க."

அன்றைக்கு நாலு. வெள்ளிக்கிழமை நாலு. அதற்கடுத்த திங்கள், பை பூலாம்பாடிக்குப் போன பிறகும், வாயிலாவது ஏதாவது வாங்கிவிடலாம் என்று போனேன். மூன்று. ஒவ்வொரு தடவையும் வாங்கிய தேங்காயை உடைக்க வேண்டுமே, உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு மூடிகளோடு வீட்டுக்கு வருவேன். எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி, தேங்காய்த் துவையல், தேங்காய்ச் சோறு. மூன்றாவது வாரம் அம்மா பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"ஏன்டா, அப்பிடி என்னதான்டா வேண்டுதல்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாததுக்கு எவனாச்சும் பதினோரு தேங்கா ஒடைப்பானா? கடைக்காரப் பொண்ணு செவப்பா, கறுப்பா?"

(அம்மா என்னைவிட மூன்று வருஷம் முன்னாலேயே யோசித்துவிட்டாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.)

நேர்வழி அடைத்துவிட்டதால், என் மூளை கோணல் வழியில் இறங்கியது. பட்டியலில் என் இடம் காலி. காலி இடத்துக்குப் புதிய உறுப்பினர் ஒருவரைச் சேர்க்க வேண்டும். அந்தப் புதியவர் ஏன் நானாகவே இருக்கக் கூடாது? வேறு பெயர், வேறு ஊர். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பை வீடு தேடி வரும். பேரருவிக்காக எல்லாரும் அழுததை உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம். ஒருபடி மேலே போய், 'யார் அந்தப் பேரருவி? அவரைத் திரும்ப அழையுங்கள்' என்று புதியவரை விட்டே எழுத வைக்கலாம்!

மீன்சுருட்டியில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த விலாசத்தைப் போட்டு, 'மீன்சுருட்டி முகிலன்' என்ற பெயரில் கோதண்டபாணி சாருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அருவி வற்றி, ஆவியாகி, மேகமாகிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. ஆள் தெரியக் கூடாது என்று நீல மையில் எழுதினேன். மை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்த அந்த இருபத்திரண்டு வயது அறிவை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. மீன்சுருட்டியிலேயே தபாலில் சேர்க்கவும் என்று சொல்லி அக்காவுக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அக்கா ஊருக்கு வந்தாள். கையில் ஒரு கார்டு.

"ஏன்டா தங்கராசு, யார்ரா முகிலன்? தபால்காரரு கேட்டப்ப எங்க மாமனாரு, அப்பிடி ஒருத்தன் எங்க வூட்டுல இல்லன்னுட்டாரு. நான் ஓடிப்போயி, எங்க தம்பிதான்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். இப்ப எங்க மாமனாரு, ஒனக்கு எத்தன தம்பி, கல்யாணத்தப்ப ஒருத்தனத்தான காட்டுனீங்கன்னு கேக்குறாரு."

கார்டைப் பிடுங்கிப் படித்தேன். 'திரு. முகிலன் அவர்களுக்கு. காலியிடம் ஒன்று உள்ளது. தை மாத ஆண்டுக் கூட்டத்துக்கு நேரில் வந்து பொறுப்பேற்கவும். அன்றே, விலகிய உறுப்பினர் பேரருவிக்குப் பிரிவு உபசாரம். புதியவர் பழையவருக்கு மாலை அணிவித்து வாழ்த்துமடல் வாசிக்க வேண்டும். கோதண்டபாணி.'

அன்று மத்தியானமே கடைக்கு இன்னொரு கார்டு வந்தது. 'திரு. பேரருவி அவர்களுக்கு. தங்களுக்குப் பிரிவு உபசாரம். கட்டாயம் வரவும். தங்களுக்கு மாலை அணிவிப்பவர் மீன்சுருட்டி முகிலன்.'

முகிலன் போனால் அவருக்கு என் முகம் இருக்கும். பேரருவி போனால் முகிலன் இருக்கமாட்டார். யாரும் போகாவிட்டால் இரண்டு பேரும் ஒரே நாளில் காலி, பிறகு சோளக்கதிரில் என்றென்றைக்கும் எனக்கு இடம் கிடையாது. அந்த ஏழு பேரை விட்டால் என் கவிதையைப் படிக்க இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை என்பது (தூங்கிப்போகிற செல்லமுத்துவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. விளையாட்டாகத் தேடிய செருப்பு நிஜமாகவே தொலைந்துவிட்டது.

பேரருவியாகவே போவது என்று முடிவு செய்தேன். விடைபெறும் உரையில் கொஞ்சம் தழுதழுத்தால் யாராவது தடுக்காமலா இருப்பார்கள்? முகிலன் வராவிட்டால் வராமல் போகட்டும்.

கூட்டம் கோதண்டபாணி சார் வீட்டு மொட்டை மாடியில். கீற்றுப் பந்தல், எலுமிச்சைச் சோறு, ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் 'பேரருவி' என்று சீட்டு, இன்னொன்றில் 'முகிலன்' என்று சீட்டு. மூலையில் முக்காலி மேல் காமிராவோடு போட்டோக்காரர். எல்லாரும் வந்திருந்தார்கள். வசந்தா தன் அப்பாவோடு வந்திருந்தார். செல்லமுத்து ஒரு சின்ன மூட்டை வெங்காயத்தோடு வந்திருந்தார்.

"வாங்க வாங்க," என்று சார் என் நாற்காலியைக் காட்டினார். "முகிலனும் வந்துட்டா ஆரம்பிச்சிடலாம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே.

"அவரு வரமாட்டாருங்க சார். காய்ச்சல்."

கோதண்டபாணி சார் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அது... பஸ்ஸுல சொன்னாங்க."

"யாரு சொன்னா?" என்றார் செல்லமுத்து.

"அவரேதான் சொன்னாரு."

"காய்ச்சல்ல படுத்துருக்கவரு பஸ்ஸுல வந்து சொன்னாருங்களா?" என்றார் வசந்தா.

பந்தலுக்குக் கீழே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோதண்டபாணி சார் நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். ஒரு பக்கம் என் நான்காவது விடைபெறுதல், பச்சை மையில், சொம்புத் தண்ணீர்க் கறையோடு. அதற்குப் பக்கத்தில் முகிலனின் விண்ணப்பத்தை நீல மையோடு விரித்து வைத்தார். செல்லமுத்து குனிந்து, நாற்று பார்க்கிற மாதிரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே நாத்தங்கால்ல புடுங்குனதுதாங்க," என்றார்.

இரண்டு வருஷமாக இந்த ஏழு பேரும் படித்தது அச்சில் வந்த பேரருவியை அல்ல. என் கையெழுத்தை. என் கொம்பு, சுழி, வால், சாய்வு எல்லாம் அவர்களுக்கு என் முகத்தைவிட நன்றாகத் தெரியும். கையெழுத்துப் பத்திரிகைக்கு, அதே கையெழுத்தில் ஆள்மாறாட்டம் செய்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உறையைப் பிரித்த அன்றே சாருக்குத் தெரிந்துவிட்டதாம். அடுத்த பையில் விண்ணப்பத்தை வைத்து எல்லாருக்கும் சுற்றுக்கு விட்டிருக்கிறார். என்னைத் தவிர எல்லாரும் படித்து டிக் போட்டிருக்கிறார்கள்.

"மன்னிச்சிடுங்க சார்," என்று எழுந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே கிளம்பத்தான் எழுந்தேன். செருப்பு எங்கே கிடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. சொம்புத் தண்ணீர் இல்லை.

"ஒக்காருங்க," என்றார் சார். "நிகழ்ச்சி நிரல்ல போட்டாச்சு. புதியவர் பழையவருக்கு மாலை போடணும். புதியவர் எழுந்திரிங்க."

ஏற்கெனவே எழுந்துதான் நின்றிருந்தேன். கையில் சம்பங்கி மாலையைக் கொடுத்தார்.

"பழையவருக்குப் போடுங்க."

நான் பழையவரைத் தேடினேன். பழையவரும் நான்தான். மாலையை இரண்டு கையாலும் தூக்கி, மெதுவாக, என் கழுத்தில் நானே போட்டுக்கொண்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். போட்டோக்காரர் சரியாக அந்த நேரத்தில் அமுக்கினார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. "இன்னொரு தடவ போடுங்க சார், கண்ண மூடிட்டீங்க" என்றார். போட்டேன்.

பிறகு வாழ்த்துமடல். வாழ்த்துமடலுக்குப் பதிலாக நோட்டை என் கையில் கொடுத்து, வம்புப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சொன்னார் சார். எந்தப் பக்கத்துக்காகப் பதினோரு தேங்காய் உடைத்தேனோ அந்தப் பக்கம். வாசித்தேன்.

'பேரருவி விலகியதால் சுற்று மூன்று நாள் சீக்கிரம் முடிகிறது - ஆசிரியர்.' 'அவர் எத்தனை நாளில் திரும்புவார் என்று பந்தயம் வைத்துள்ளோம். நான் நாற்பது.' 'நான் இருபத்தைந்து.' அதற்குக் கீழே வசந்தாவின் கையெழுத்து: 'இவர் இடத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம். கோயில் திறக்கிற நாளெல்லாம் வந்து தேங்காய் வாங்குகிறார். வியாபாரம் நன்றாக நடக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டுப்பிடிக்கலாம்.'

சிரிப்பு அடங்க நேரமானது. கடைசியில் செல்லமுத்து எழுதியிருந்தார். அவர் வாழ்நாளில் எழுதிய மிக நீளமான கருத்து அது, மூன்று வரி. 'இந்த மாதம் தண்ணீர் கட்டப் போனபோது படிக்க ஒன்றும் இல்லை. தூக்கம் வரவில்லை. மடை உடையவில்லை. ஆனாலும் பொழுது போகவில்லை.'

அதை மட்டும் யாரும் கேட்காமலே இரண்டாவது தடவை வாசித்தேன். நாலு தடவை விடைபெற்றும் கிடைக்காதது அந்த மூன்று வரியில் கிடைத்தது. செல்லமுத்து வெங்காய மூட்டையை அவிழ்ப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோதண்டபாணி சார் தன் பதிவேட்டை நீட்டினார். திரும்பி வந்த பார்சல் என்று பதிந்து, 'சேதமின்றிப் பெறப்பட்டது' என்று எழுதி, நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். 'சேதமின்றி' என்பதை அடித்துவிட்டார். கையெழுத்துப் போட்டேன். அன்றே ஒன்பதாவது விதியும் எழுதப்பட்டது: விடைபெறுவதாக எழுதும் உறுப்பினர், அடுத்த சுற்று முழுவதும் பையைத் தானே ஊர் ஊராகச் சுமந்து கொடுக்க வேண்டும்.

முதல் தண்டனை எனக்குத்தான். பையின் காதை நானே தைத்தேன். பஸ்ஸிலும் சைக்கிளிலுமாக எட்டு ஊர். பூலாம்பாடியில் செல்லமுத்து வரப்பில் உட்கார வைத்து, என் புதுக் கவிதையைப் படிக்கச் சொல்லி, என் கண் முன்னாலேயே தூங்கினார். சிறுவாச்சூரில் மட்டும் பையைக் கொடுக்க மூன்று தடவை போக வேண்டியிருந்தது. முதல் தடவை நோட்டு இல்லாமல் வெறும் பையைக் கொண்டுபோய்விட்டேன். இரண்டாம் தடவையும் அப்படியே. (அதெல்லாம் மறதி என்று இன்றைக்கும் சாதிக்கிறேன்.) அதற்கு மூன்று வருஷம் கழித்து அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. மாநிறம்.

அந்தப் போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி. எனக்கு ஏதோ பெரிய விருது கிடைத்தது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். என் மகள் அவர்களை உட்கார வைத்து முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் காபியே கொடுப்பாள்.

போன மாதம் எங்கள் குடும்பக் கைபேசிக் குழுவில் நான் எழுதிய பொங்கல் கவிதையைப் போட்டேன். இருபத்தாறு பேர் இருக்கிற குழு. அரை நாள் ஆகியும் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குக் கீழே யாரோ வடை சுட்ட படத்தைப் போட, பத்தொன்பது பேர் அதைப் புகழ்ந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. 'இந்த அருவிக்கு இனி இங்கு வேலையில்லை. விடைபெறுகிறேன்' என்று எழுதிவிட்டு, குழுவிலிருந்து வெளியேறினேன்.

வெளியேறி ஐந்து நிமிடம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தேன். ஆறாவது நிமிடம் உறைத்தது.

சமையலறையிலிருந்து டிங், டிங், டிங் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. மெதுவாக எழுந்து போய் வாசற்படியில் நின்றேன். வசந்தா கைபேசியைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போனதப் பத்தி," என்றேன், "யாராச்சும் எதாச்சும் எழுதிருக்காங்களா? சும்மா கேட்டேன்."

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து, காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

"எத்தனைங்க வேணும்?" என்றாள்.